உப்பும் ஈரமும் மேல்வீட்டுக் குழாயும்: கொழும்பு வீடுகளுக்குச் சில குறிப்புகள்

இந்தியச் சஞ்சிகைகளில் வருகிற வீட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் வெயில் நன்றாகக் காய்கிற ஊர்களுக்கு எழுதப்பட்டவை. ‘மொட்டைமாடியில் ஒரு நாள் காய வையுங்கள்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மொட்டைமாடி பூட்டிக் கிடக்கும். திறப்பு காவலாளியிடம் இருக்கும். காவலாளி சாப்பிடப் போயிருப்பார். யாழ்ப்பாணத்து அம்மம்மாவின் குறிப்புகளோ கிணறும் வளவும் வேப்பமரமும் உள்ள வீட்டுக்கானவை. இங்கே ரயில் பாதைக்கு அப்பால் கடல்; நம் தலைக்கு மேலே இன்னொருவர் வீட்டுக் குளியலறை. கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் பாட்டன் காலத்துச் சுவரும் அதைவிடப் பழைய குழாயும். ஆகவே லிஃப்டிலும் படிக்கட்டிலும் கோயில் வாசலிலும் இந்த நகரத்து வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறவற்றைத் திரட்டித் தருகிறேன். முடிந்த இடங்களில் காரணத்தையும் சேர்த்திருக்கிறேன். காரணம் தெரிந்தால் குறிப்பை அவரவர் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

1. யன்னல் கம்பிக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் பெயின்ட்.

காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலிருக்கிற நீரையே உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கொழும்பில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அதைச் சுற்றியோ அதற்கு மேலோதான் நிற்கிறது. கடற்காற்று கொண்டுவந்து கம்பியில் ஒட்டிய உப்பு இதனால் காய்வதே இல்லை. மழை பெய்யாத நாளிலும் இரும்பு ஈரத்திலேயே இருக்கிறது. மரைன் டிரைவைப் பார்த்த வீடுகளில் ஒரே வருடத்தில் கறள் ஏறுவதற்கு இதுதான் காரணம், பெயின்ட் கடைக்காரர் ஏமாற்றியதல்ல.

உப்பின் மேலேயே பெயின்ட் பூசினால் உள்ளே கறள் தன் பாட்டில் வளரும். சில மாதத்தில் பெயின்ட் கொப்புளம் போல எழும்பி உரியும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்தபின் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்தாள் போட்டு, ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, அன்றைக்கே கறள்தடுப்புப் பிறைமர் பூசுங்கள். அதன்மேல் இரண்டு பூச்சு. இதற்குத் தோதான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் காற்று நேரே கடலிலிருந்து வரும்; அப்போது பூசுவது காசைக் கடலில் போடுகிற வேலை. இடைப்பட்ட மாதங்களில் வாரம் ஒருதடவை ஈரத்துணியால் கம்பியைத் துடைத்தாலே பெயின்டின் ஆயுள் கூடும்.

2. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கறள் பிடிக்காது என்று நம்பி வாங்காதீர்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 304 வகை. கடலோரத்தில் அதன்மேல் தேயிலைக் கறை போலப் பழுப்பு படரும். மொலிப்டினம் கலந்த 316 வகை உப்பைத் தாங்கும், விலை கூட. பல்கனிக் கைப்பிடிக்கு 316 கேளுங்கள். கேட்டால் போதாது, பற்றுச்சீட்டில் எழுதியும் வாங்குங்கள். கண்ணால் பார்த்தோ காந்தம் வைத்தோ இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. வீட்டின் உள்பக்கத்துக்கு 304 தாராளமாகப் போதும்.

3. ஏசியின் வெளிப்பெட்டியை, வசதி இருந்தால், கடலைப் பாராத சுவரில் மாட்டச் சொல்லுங்கள். இடமில்லையென்றால் மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றித் தகடுகளில் உள்ள உப்பைக் கழுவலாம். வேகமாகப் பீச்சியடித்தால் தகடு மடங்கிவிடும். ஏழாம் மாடியில் வெளியே எட்டி நின்று இதைச் செய்ய வேண்டாம். சர்வீஸ் பண்ண வருகிறவரிடம் சொல்லுங்கள்.

4. பல்கனியின் அடிப்பக்கச் சீமெந்து பொருக்காகக் கழன்று விழுகிறதா?

உள்ளே கம்பி கறள் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இரும்பு கறளாக மாறும்போது பல மடங்கு பருக்கும். அந்த அழுத்தத்தில்தான் கொங்கிரீட் வெடிக்கிறது. மேலே சாந்து பூசிப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் மறைந்திருக்கும், பிறகு இன்னும் பெரிய துண்டாக விழும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கடகடவென்று வெறுமையாகக் கேட்கிற இடமெல்லாம் உடைத்து, கம்பியைச் சுத்தமாக்கி, கறள்தடுப்புப் பூசி, பிறகுதான் நிரப்ப வேண்டும். கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் அது மேசன் பார்க்கிற வேலையல்ல, பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். தொடர்மாடியில் இது உங்கள் ஒருவர் செலவும் அல்ல. கீழே 16ஆவது குறிப்பையும் பாருங்கள்.

5. அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியின் முதுகில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கிறது, அங்கே காற்று போவதில்லை என்பதால். ஏசி அறையில் கதவைத் திறந்துபோட்டுச் சாமான் எடுக்கிறபோது, வெளியிலிருந்து நுழைகிற ஈரக்காற்று குளிர்ந்த துணியில் படிகிறது. ஆகவே ஏசி ஓடும்போது அறைக் கதவு பூட்டியும், ஏசி இல்லாத பகலில் அலுமாரிக் கதவு கொஞ்சம் திறந்தும் இருக்கட்டும்.

சுவர்ப் பூஞ்சணத்துக்குத் தண்ணீர் கலந்த பிளீச் போதும். ஆனால் பிளீச்சையும் கொமட் கழுவுகிற அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு வரும். யன்னல் இல்லாத தொடர்மாடிக் குளியலறையில் அது விளையாட்டல்ல.

6. கூறைச்சேலையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் ஈரமும் சேர்ந்தே கட்டுப்படும். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள். சரிகைக்கு நேர்வெயில் வேண்டாம். மின்விசிறிக் காற்று போதும். நப்தலின் உருண்டை சரிகையில் நேரே படக்கூடாது. பிறந்த குழந்தை இருக்கிற வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம், சில குழந்தைகளுக்கு அதன் ஆவியாலேயே இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும்.

7. யாழ்ப்பாணத்துப் பார்சல்.

இரவு பஸ்ஸில் வருகிற பெட்டியைக் காலையில் காலி வீதியில் இறக்கி வாங்குகிறவர்களுக்கு இது. ஒடியல் மா, வறுத்த அரிசிமா, கறித்தூள் மூன்றும் அங்கே வெயிலில் காய்ந்தவை. இங்கத்தைக் காற்றுப் பட்ட அன்றே ஈரம் இழுக்கத் தொடங்கும். வந்தவுடன் சிறுசிறு கண்ணாடிப் போத்தல்களாகப் பிரியுங்கள். புழங்குகிற போத்தல் ஒன்று மட்டும் வெளியே இருக்கட்டும், மற்றவை பிரிட்ஜுக்குள். பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தலை உடனே திறக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் உள்ளே நீர் படியாது. தூளை ஈரக் கரண்டியால் அள்ளுகிறவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். போத்தலுக்குள்ளேயே ஒரு கரண்டியைப் போட்டுவைப்பதுதான் அதற்கு மருந்து.

கருவாட்டைத் தாளில் சுற்றி மூடிய பெட்டியில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். லிஃப்டில் வருகிற அயலவரின் முகச்சுளிப்பும் மிச்சம். நீத்துப்பெட்டி, சுளகு, கடகம் போன்ற பனையோலைச் சாமான்களைக் கழுவி ஈரத்தோடு குசினி மூலையில் வைத்தால் ஒரே வாரத்தில் கறுப்புப் புள்ளி விழும். துடைத்து, பிரிட்ஜின் பக்கச் சுவருக்குப் பக்கத்திலே தொங்கவிடுங்கள். பல பிரிட்ஜ்களுக்குப் பக்கவாட்டில் மெல்லிய சூடு இருக்கும். மழைக்காலத்தில் இந்த வீட்டுக்குள் கிடைக்கிற இலவச வெயில் அது ஒன்றுதான்.

8. அரிசி வண்டுக்குச் செத்தல் மிளகாய், வேப்பிலை, கறுவாப்பட்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றின் வாசனை வண்டைக் கொஞ்சம் விரட்டலாம். அரிசிமணிக்குள் ஏற்கெனவே இட்டிருக்கிற முட்டையை ஒன்றும் செய்யாது. வாங்கிவந்த அரிசியையும் பயறையும் நான்கு நாள் ஃபிரீசரில் வைத்தெடுத்தால் முட்டையும் சாகும். இடமில்லையென்றால் குறைவாக வாங்குவதே நல்லது. 25 கிலோ மூட்டை வாங்கி மிச்சம்பிடிக்கிற காசை வண்டு தின்றுவிடும்.

9. தேங்காயைக் கண் மேலே இருக்கும்படி வையுங்கள். கண்தான் மெல்லிய இடம், உள்ளே இளநீர் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அங்கிருந்துதான் அழுகத் தொடங்கும். குடுமியையும் உடைக்கிற நாள்வரை பிய்க்காதீர்கள். 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது இந்தச் சின்ன விஷயத்தின் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. பாதி மூடி மிஞ்சினால் துருவி, மெல்லிய தட்டையாகப் பரப்பி ஃபிரீசரில் வையுங்கள். வேண்டிய அளவு உடைத்து எடுக்கலாம்.

10. மின்சாரப் பட்டியலில் 60 என்ற இலக்கத்தைக் கவனியுங்கள்.

மின்சாரக் கட்டணம் அடிக்கடி மாறுகிறது, ஆகவே ரூபாய்க் கணக்கு எழுதிப் பயனில்லை. ஆனால் ஒரு விதி பலருக்குத் தெரியாது. மாதம் 60 அலகுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு விலைப்பட்டியல். 60ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறு பட்டியல். 61ஆவது அலகுக்கு மட்டும்தான் கூடுதல் விலை என்று நினைத்துக்கொண்டிருப்போம். அப்படியல்ல, தாண்டினால் முதல் 60 அலகின் விலையும் மேலே போய்விடும். அதற்கு மேலும் 90, 120, 180 என்று படிகள் இருக்கின்றன.

60 அலகு என்றால் நாளுக்கு இரண்டு. பிரிட்ஜ் ஒன்றே ஏறத்தாழ ஒரு அலகை எடுத்துக்கொள்ளும். மின்விசிறி இரவு முழுவதும் சுற்றினால் அரை அலகுக்குக் கொஞ்சம் கூட. 1000 வாட் அயன்பெட்டி ஒரு மணித்தியாலம் சூடாக நின்றால் ஒரு அலகு. ஆகவே தனியாகவோ இருவராகவோ இருக்கிற மூத்தவர்களின் வீட்டில் 60க்குள் நிற்பது நடக்கக்கூடிய காரியம். பிள்ளைகளும் ஏசியும் உள்ள வீட்டில் அது வீண் ஆசை. அந்த வீடுகள் 90இலோ 120இலோ கோடு போட்டுக்கொள்ளலாம். மீட்டர் வாசிக்க வருகிற திகதி தெரியும்தானே. அதிலிருந்து பதினைந்தாம் நாள் நீங்களே ஒருமுறை வாசித்தால், மீதி நாட்களில் எவ்வளவு இழுத்துப்பிடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

11. ட்ரிப் சுவிச்சில் ‘டி’ என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சுவிச் விழவேண்டும். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். கடலோரக் காற்றில் அதன் உள்பாகங்களும் இறுகிப்போகும். வீடுகளில் போடுகிற ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுகிற வகையாக இருக்கவேண்டும்.

மழைநாளில் ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டே இருந்தால் எல்லாச் சிறு சுவிச்களையும் இறக்கி, ட்ரிப் சுவிச்சை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்தப் பாதையில்தான் குற்றம். பெரும்பாலும் பல்கனி விளக்கு, வெளிச்சுவர்ப் பிளக், தண்ணீர் மோட்டார் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். ‘இதை எடுத்துவிட்டு நேரே கொடுத்துவிடுகிறேன், இனி விழாது’ என்று சொல்கிற எலக்ட்ரீஷியனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் புவிக்கம்பி இல்லாத வயரிங் இன்னும் இருக்கிறது. அங்கே உயிருக்குக் காவல் அந்த ஒரு சுவிச்தான்.

12. உருண்டைக்கால் பிளக், சதுரக்கால் பிளக், இரண்டையும் சேர்க்கிற அடாப்டர், அதன்மேல் இன்னொரு அடாப்டர் என்று கோபுரம் கட்டாதீர்கள். 2018இலிருந்து 13 அம்பியர் சதுரக்கால் ஒன்றுதான் நாட்டின் தரம். அதன் பிளக்குக்குள் ஃபியூஸ் இருப்பதே அதன் சிறப்பு. மேசை விளக்குக்கும் கைபேசிச் சார்ஜருக்கும் 3 அம்பியர் ஃபியூஸ், கேத்திலுக்கும் அயன்பெட்டிக்கும் 13. எல்லாவற்றுக்கும் 13 போட்டால் மெல்லிய வயர் எரிந்தபிறகுதான் ஃபியூஸ் போகும்.

13. கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்து எல்லோரும் இதில் பயிற்சி பெற்றிருக்கிறோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருண்டதாகச் சொன்னார்கள். ஆகவே பயிற்சி மறந்துவிடக்கூடாது. மூடியே வைத்திருந்தால் பிரிட்ஜின் குளிர் சுமார் நான்கு மணித்தியாலம் நிற்கும். நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள் வரை, பாதி நிறைந்தது ஒரு நாள். எனவே ஃபிரீசரில் காலி இடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்புங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கென்று வீட்டைப் பூட்டிவிட்டு 25 நாளும் ஊரில் நிற்கிறவர்களுக்கு ஒரு சூட்சுமம்: ஒரு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, அந்த ஐஸின்மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃபிரீசரில் விட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. அடியில் போயிருந்தால் நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீனையும் இறைச்சியையும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

14. காஸ் சிலிண்டர்.

சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். அழகுக்காகச் சிலிண்டரைக் கீழ்த்தட்டு அலுமாரிக்குள் மறைக்கிற புதுத் தொடர்மாடிக் குசினிகளில் அந்தக் கதவின் அடிப்பக்கத்தில் காற்றோட்டத் துளை கட்டாயம் வேண்டும். 2021 நவம்பரிலும் டிசம்பரிலும் நாட்டின் பல இடங்களில் அடுப்புகள் வெடித்தபோது, புரப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியது பற்றித்தான் பெரும்பாலும் பேசினோம். புரப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அதுவரை தாக்குப்பிடித்த பழைய குழாயும் தளர்ந்த இணைப்பும் அப்போது காட்டிக்கொடுக்கும். கலவையை நாம் பார்க்க முடியாது, குழாயைப் பார்க்கலாம். வளைத்துப் பார்த்தால் சிறு வெடிப்புத் தெரிகிறதா, ஒட்டுகிறதா, இறுகியிருக்கிறதா? எதுவானாலும் மாற்றுங்கள். சிலிண்டர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் சவர்க்கார நுரையை இணைப்பில் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் குசினிக்குள் விடாதீர்கள்.

மணம் வந்தால் சுவிச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. வால்வைப் பூட்டி, கதவு யன்னலைத் திறந்து, வெளியே வந்து நின்று தொலைபேசியில் பேசுங்கள்.

15. தண்ணீர்ப் பட்டியல் காரணமில்லாமல் கூடினால் கொமட் தாங்கியைச் சந்தேகியுங்கள். வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தில் கொஞ்சம் தாங்கியில் கரைத்துவிட்டு, அரை மணித்தியாலம் யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கீழே கிண்ணத்தில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே உள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல் இரவு பகலாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். தொடர்மாடியில் அதை மேலே ஏற்றுகிற மோட்டாரின் மின்செலவும் பராமரிப்புக் கட்டணத்தில் வந்து சேரும்.

16. மேல்வீட்டுக் குளியலறை நம் கூரையில் ஒழுகினால் சண்டைக்கு முன் சோதனை.

தொடர்மாடி அயலவர் மனத்தாங்கல்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ‘எங்கட பாத்ரூம் காய்ஞ்சு கிடக்கு, உங்கட பைப்தான்’ என்று மேலேயிருந்து அன்ரி சொல்வார். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மூன்று இடத்திலிருந்து ஒழுகலாம்: நீர் கொண்டுவருகிற குழாய், கழிவுக் குழாய், தளத்தின் நீர்க்காப்பு. நாள் முழுவதும் ஓயாமல் ஒழுகினால் முதலாவது. குளித்து முடித்துச் சற்று நேரத்தில் ஒழுகினால் இரண்டாவதோ மூன்றாவதோ. இவற்றைப் பிரிக்க, மேல்வீட்டுத் தரைத் துவாரத்தைத் துணியால் அடைத்து, நீலம் கலந்த தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்கு நிறுத்தி ஒரு நாள் விடவேண்டும். கீழே நீலம் வந்தால் தளம் கசிகிறது. வராமல், துவாரத்தைத் திறந்தபின் வந்தால் கழிவுக் குழாய்.

இந்தச் சோதனைக்கு மேல்வீட்டாரின் தயவு வேண்டும். எனவே முதல் நாளே குரலை உயர்த்துவது வியாபார நட்டம். யார் செலவு என்ற கேள்விக்கு, தொடர்மாடி வீடுகளின் உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படுகிற குழாய் அந்த வீட்டாருடையது. எல்லோருக்கும் பொதுவான குழாய், வெளிச்சுவர், கூரை ஆகியன முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. பேச்சில் தீராவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கு எழுதலாம். சோதனை நடந்த அன்று எடுத்த படங்களைத் திகதியோடு இணைத்து அனுப்புங்கள்.

17. சிங்க் அடைப்பு.

கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் காலத்தில் போடப்பட்டது. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போய்ச் சேர்கிறது. அன்றைய நகரத்தின் சனத்தொகைக்கு வரைந்த குழாயில் இன்றைய மாடிகளின் கழிவு போகிறது. அதில் பொரித்த எண்ணெயையும் ஊற்றினால் என்ன ஆகும்? தேங்காயெண்ணெய் இந்த ஊர்ச் சூட்டில் உறையாது, அதனால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நெய், மாஜரின், ஆட்டுக்கொழுப்பு, சவர்க்காரம் எல்லாவற்றோடும் சேர்ந்து அது குழாய்ச் சுவரில் மெழுகாகப் படியும். தேங்காய்ப்பூவும் தேயிலைத் தூளும் சோறும் அந்த மெழுகில் வந்து ஒட்டும். சட்டியைக் கழுவுமுன் பழைய பத்திரிகைத் தாளால் துடைத்துக் குப்பையில் போட்டால் முக்கால்வாசி அடைப்பு வராது.

அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றுகிற வைத்தியம் பார்க்க நன்றாகப் பொங்கும். ஆனால் ஒன்றையொன்று சமன்செய்துவிட்டு உப்புத் தண்ணீராகத்தான் கீழே போகிறது. அதைவிட, சிங்கின் அடியில் வாளியை வைத்து, கிண்ணம் போலிருக்கிற மூடியைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். அருவருப்பாக இருக்கும், வேலை ஐந்து நிமிடம்.

18. பாவிக்காத குளியலறையில் நாற்றமும் கரப்பொத்தானும் வந்தால் தரைத் துவாரத்தில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீரை ஆவியாகவிடாது. எண்ணெயை ஊற்றாதே என்று இப்போதுதானே சொன்னாய் என்று கேட்பீர்கள். இது ஒரு கரண்டி, அதுவும் ஊருக்குப் போகிற நாளில் மட்டும்.

19. நுளம்பு.

2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது; கொழும்பு மாவட்டம்தான் முன்னணியில். நுளம்பு பெருகுகிற இடத்தை வைத்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கும் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் எல்லோரும் பூச்சட்டியைக் காட்டுவார்கள். அவர் பார்ப்பது வேறு இடங்கள்: பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மணிபிளான்ட் போட்ட போத்தல், சாமித்தட்டில் பூ மிதக்கவிடுகிற பாத்திரம், ஏசித் தண்ணீர் விழுகிற வாளி, கொட்டாஞ்சேனை வீடுகளில் கூரைப் பீலி.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்துபோயும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தும்பால் உரசித் தேய்க்கவேண்டும். முட்டை நுளம்பாவதற்குக் கிட்டத்தட்ட ஏழு முதல் பத்து நாள் ஆகும்; வாரம் ஒருமுறை தேய்த்தால் கணக்குச் சரி, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பத்தாம் மாடிக்கு நுளம்பு வராது’ என்பது கட்டடம் விற்கிறவர்களின் கதை. அது லிஃப்டில் நம்மோடே ஏறி வருகிறது. காலையிலும் பொழுதுபடுமுன்னும்தான் இது அதிகம் கடிக்கும், இரவு வலை மட்டும் காப்பாற்றாது. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர, அஸ்பிரின், இபுபுரோஃபன் வகை வலிமாத்திரை எதையும் கொடுக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

20. குப்பை. மாநகர சபை வண்டிக்குப் பிரித்துக் கொடுக்கிறோம், சரி. சமையல் கழிவை வடித்துக் கொடுங்கள். ஓட்டைப் பாத்திரத்தில் இரவு வைத்தால் பாதிப் பாரம் தண்ணீராகப் போய்விடும், நாற்றமும் குறையும். மீன் தலை, செதில், இறால் தோடு எல்லாவற்றையும் தாளில் சுற்றி, வண்டி வருகிற நாள் வரை ஃபிரீசரின் ஒரு மூலையில் வைக்கலாம். காகத்துக்கும் பூனைக்கும் பெருச்சாளிக்கும் ஏமாற்றம். புளூமெண்டல் குப்பைமேட்டின் நாற்றத்தோடு வாழ்ந்த கொட்டாஞ்சேனைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2017 ஏப்ரல் 14, புதுவருடத் தினத்தன்று மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நாம் கட்டிக் கொடுத்த பைகளும் அதில் இருந்தன.

21. உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் ஒரே நீர்புகாப் பையில், கதவுக்குக் கிட்ட, தலைக்கு மேல் உயரத்தில் இருக்கட்டும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது இந்தக் கடதாசிகளும் எரிந்தன. பிறகு பிரதி எடுப்பதற்கு ஊர்க் கச்சேரி வாசலில் வருடக்கணக்கில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இப்போதைய பயம் பெரும்பாலும் வெள்ளமும் ஒழுக்கும்தான். மூலப்பிரதிகளை லேமினேட் பண்ணாதீர்கள், சில அலுவலகங்களில் ஏற்கமாட்டார்கள். படம் எடுத்து வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்கும் அனுப்பிவையுங்கள்.

22. பாஸ் வரும்போது.

குழாய், வால்வு, டைல் ஒட்டுகிற பசை போன்றவற்றை வேலைக்காரரிடம் காசைக் கொடுத்து வாங்கச் சொல்வதை விட, அவரையும் கூட்டிக்கொண்டு பழைய சோனகத் தெருவுக்கு ஒரு நடை போவது நல்லது. ஹார்ட்வெயார் கடைகள் வரிசையாக இருப்பதால் மூன்று கடையில் விலை கேட்கலாம். சம்பளத்தை நாட்கணக்கில் பேசினால் வேலை நீளும், மொத்தமாகப் பேசினால் அவசரம் கூடும். மறைவான வேலைகளுக்கு, அதாவது சுவருக்குள் போகிற குழாய்க்கும் வயருக்கும் நாட்கூலிதான் சரி. பெயின்ட், டைல் போன்ற கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு மொத்தக் கூலி. சுவரை மூடுமுன் உள்ளே போகிற குழாய் எங்கே, வயர் எங்கே என்று அளவுகோலையும் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு சாமிப்படத்துக்கு ஆணி அடிக்கும்போது உதவும்.

23. வீட்டுக்குத் தண்ணீர் வருகிற பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? பல தொடர்மாடிகளில் அது வெளியே, படிக்கட்டுக்குப் பக்கத்துப் பெட்டிக்குள் இருக்கும். ஒரே மாதிரி ஐந்தாறு வால்வு. உங்களுடையதில் சிவப்புத் துணி ஒன்று கட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை பூட்டித் திறக்கவும் வேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்குத் திரும்பாது. அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாளில் பெரிய எழுத்தில்: மின்சார சபை 1987, நீர்வழங்கல் சபை 1939, தீயணைப்பு 110, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. அதற்குக் கீழே காவலாளியினதும் பிளம்பரினதும் இலக்கங்கள். கைபேசியில் மட்டும் சேமித்து வைத்தால், கரண்ட் போய்ச் சார்ஜும் இறங்கிய இரவில் தேட முடியாது.